நகராட்சி ஊர்திப் பணிமனையும் எரிசக்திச் சிக்கனமும்

நம் நாட்டு நகராட்சிகளும் மாநகராட்சிகளும் வைத்திருக்கும் ஊர்திகளின் எண்ணிக்கை கடந்த கால் நூற்றாண்டில் பெரிதும் பெருகியுள்ளது. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு அகற்றல், குடிநீர் வழங்கல் ஆகியவை நகர மன்றங்களிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றன. குப்பையை மூடிய வண்டிகளிலேயே எடுத்துச் செல்ல வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. தரம் பிரித்த குப்பையை வீடு வீடாகச் சென்று திரட்ட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் வற்புறுத்தின. இவற்றின் விளைவாக, முன்பு சில லாரிகளும் மாட்டு வண்டிகளும் இருந்த இடத்தில் இன்று சிறு டிப்பர்கள், குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரிகள், தெருக் கூட்டும் இயந்திரங்கள், கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கும் ஊர்திகள், தண்ணீர் லாரிகள் என்று ஒரு பெரிய படையே நிற்கிறது.

படை வளர்ந்த அளவுக்கு அதன் பாசறை வளரவில்லை. பல ஊர்களில் ஊர்திப் பணிமனை என்பது பழைய தகரக் கொட்டகை ஒன்றும், அதனைச் சுற்றி எண்ணெய் ஊறிய மண் தரையும், கழித்துவிடப்பட்ட வண்டிகளின் குவியலுமே ஆகும். கோடையில் கொட்டகைக்குள் நிற்க முடியாமல் மெக்கானிக்குகள் வேப்ப மரத்தடியில் அமர்ந்து இன்ஜினைப் பிரிப்பதைக் காணலாம். மழைக்காலத்தில் அதே வேலை பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு நடைபெறுகிறது.

இந்நிலையில், 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அரசு ஊர்திகளின் பதிவு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டுப் புதுப்பிக்கப்படுவதில்லை. நகராட்சி, ஊராட்சி ஊர்திகளும் இவ்விதிக்கு உட்பட்டவையே. புதிய வண்டிகள் வாங்கப்படுகின்றன. அவற்றைப் பேணப் புதிய பணிமனைகளும் ஆங்காங்கே திட்டமிடப்படுகின்றன. ஒருமுறை கட்டினால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நிலைத்து நிற்கும் கட்டடம் இது. ஆகவே எரிசக்திச் சிக்கனம் என்ற கண்ணோட்டத்தில் அதனை எவ்வாறு அமைப்பது என்பது வரைபடம் மேசையில் இருக்கும்போதே ஆராயப்பட வேண்டியதாகும்.

எந்தக் கணக்கைப் பார்ப்பது?

எரிசக்திச் சிக்கனமான கட்டடம் என்றதும் மின் விளக்குகளும் மின் விசிறிகளுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆனால் ஊர்திப் பணிமனையைப் பொறுத்தவரை மின்கட்டணம் சிறிய கணக்கு. பெரிய கணக்கு வேறிடத்தில் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாநகராட்சியில் 300 ஊர்திகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் சராசரியாக நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடி 20 லிட்டர் டீசல் செலவழிக்கிறது என்றும், ஆண்டில் 300 நாட்கள் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 18 லட்சம் லிட்டர். லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டால் 16 கோடியே 20 லட்சம் ரூபாய். அதே மாநகராட்சியின் பணிமனை ஆண்டுக்கு இரண்டரை லட்சம் யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது என்போம். யூனிட் 8 ரூபாய் வீதம் அது 20 லட்சம் ரூபாய் ஆகும். பணிமனையின் விளக்குகள் அனைத்தையும் அணைத்து, இயந்திரங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டாலும் மிச்சமாவது 20 லட்சமே. ஊர்திகளின் டீசல் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலோ 90,000 லிட்டர், அதாவது 81 லட்சம் ரூபாய் மிச்சமாகும். கரியமில வாயுவை எடுத்துக்கொண்டாலும் முடிவு மாறுவதில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வாயு வெளியேறுகிறது. மின் தொகுப்பிலிருந்து பெறும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. எனவே 90,000 லிட்டர் டீசலைத் தவிர்ப்பது சுமார் 240 டன்னைத் தவிர்ப்பதாகும். பணிமனையின் மொத்த மின்சாரமோ 175 டன்னுக்குத்தான் பொறுப்பு.

இவ்வைந்து சதவிகிதம் எங்கிருந்து வரும்? காற்றுக் குறைந்த டயர், அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், சக்கரத்தை உராய்ந்துகொண்டேயிருக்கும் பிரேக், தேய்ந்த இன்ஜெக்டர், வழுக்கும் கிளட்ச் ஆகிய ஒவ்வொன்றும் டீசலைக் குடிப்பவை. பெட்ரோலியப் பொருள் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் 1978ஆம் ஆண்டு நிறுவப்பட்ட காலந்தொட்டு இவற்றைப் பற்றி எடுத்துக் கூறி வருகிறது. இக்குறைகளைக் கண்டுபிடிக்க வெளிச்சம் வேண்டும். குனிந்து பார்க்கப் பொறுமை வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்க இடம் வேண்டும். 45 பாகை வெப்பத்தில், அரை இருட்டில், அடுத்த வண்டி பின்னால் நின்று ஒலியெழுப்பிக்கொண்டிருக்கும்போது எவரும் பிரேக் உராய்வைத் தேடிக் குனிவதில்லை. பணிமனைக் கட்டடத்துக்கும் டீசல் செலவுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பட்டு, 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை ஒட்டி மேலும் விரிவாக்கப்பட்டது. அது பெரிய வணிகக் கட்டடங்களின் சுவர், கூரை, விளக்கு, குளிர்சாதனம் ஆகியவற்றை நெறிப்படுத்துகிறது. பணிமனையின் அலுவலகப் பகுதிக்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் வாசலுக்கு வெளியே ஓடும் 300 வண்டிகளைப் பற்றி எந்தக் கட்டட விதியும் பேச இயலாது. விதியை நிறைவேற்றியதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் வடிவமைப்பாளர், பெரிய கணக்கைத் தவறவிட்டவர் ஆவார்.

இடமும் தடமும்

பணிமனையே இரவில் வண்டிகள் நிற்கும் இடமாகவும் இருப்பது பெரும்பாலான நகரங்களில் வழக்கம். அப்படியாயின், நகரின் நடுவிலுள்ள விலை மிகுந்த நிலத்தை விற்றுவிட்டுப் புறநகரில் மலிவான நிலத்தில் பணிமனை கட்டலாம் என்ற யோசனை எழும்போது, நிலத்தின் விலையை மட்டும் ஒப்பிடலாகாது. மேற்கூறிய 300 வண்டிகள் நாள்தோறும் போகவரக் கூடுதலாக 4 கிலோமீட்டர் வெறுமே ஓட நேர்ந்தால் ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் அது 90,000 லிட்டர். நல்ல பராமரிப்பினால் கிடைக்கும் ஐந்து சதவிகிதச் சேமிப்பு முழுவதையும் இந்த வெற்று ஓட்டம் விழுங்கிவிடுகிறது. இத்தகைய நகரில் பெரிய பழுதுகளுக்கு ஒரு மையப் பணிமனையும், அன்றாடப் பார்வைக்கும் நிறுத்தத்திற்கும் மண்டலந்தோறும் சிறு நிலையங்களும் அமைப்பதே பொருத்தம். மண்டல நிலையத்துக்குப் பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. நிழற்கூரை, கழுவும் மேடை, ஒரு பள்ளம், காற்றழுத்தக் கருவி, ஒரு ஃபிட்டர் ஆகியவை போதும்.

பணிமனை வளாகத்துக்குள் வண்டிகள் செல்லும் தடமும் முக்கியமானது. திரும்பி வரும் வண்டி முதலில் கழுவப்பட்டு, பின் சோதனைத் தடத்தின் மீது ஏறி, டயர், பிரேக், கசிவு ஆகியவை பார்க்கப்பட்டு, டீசல் நிரப்பிக்கொண்டு நிறுத்துமிடத்துக்குச் செல்ல வேண்டும். இத்தனையும் ஒரே திசையில் நடைபெற வேண்டும். பழுது பார்க்கும் தடங்கள் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறுவனவாக இருந்தால், பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து, வழிவிடுவதற்காக மூன்று வண்டிகளை நகர்த்தும் வேலை மிச்சமாகும். நின்ற இடத்தில் ஓடும் டீசல் இன்ஜின் மணிக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை எரிக்கிறது. 300 வண்டிகள் வாசலில் பத்துப் பத்து நிமிடம் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தால் நாளொன்றுக்கு 50 மணி நேரம். மணிக்கு இரண்டு லிட்டர் என்றாலும் 100 லிட்டர். வாசலை அகலமாக வைப்பதற்கும், வெளியேற இரண்டாவது வாசல் வைப்பதற்கும் ஆகும் செலவை இக்கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

வெயிலும் வெளிச்சமும்

கட்டடத்தை நாட்டின் எல்லா ஊர்களுக்கும் ஒரே மாதிரியாக வரைந்து அனுப்புவது பொதுப்பணித் துறைகளின் பழைய பழக்கம். நம் நாட்டின் தட்பவெப்பத்தைக் கட்டட விதித்தொகுப்பு ஐந்து வகைகளாகப் பிரித்துள்ளது. அவற்றுள் வெப்பமும் வறட்சியும் மிக்க வகையைச் சேர்ந்த அகமதாபாத் நகரை எடுத்துக்கொண்டால் வடிவமைப்பின் சிக்கல்கள் தெளிவாகப் புலப்படும். அங்கு 2016ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் வெப்பம் 48 பாகையை எட்டியது. 2010ஆம் ஆண்டு மே மாத வெப்ப அலையின்போது, வழக்கமான மே மாதத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தனர் என்று பின்னர் நடந்த ஆய்வு கணக்கிட்டது. அதனை அடுத்து, 2013ஆம் ஆண்டு அம்மாநகராட்சி வகுத்த வெப்பத் தடுப்புத் திட்டமே தெற்காசிய நகரங்களில் முதலாவதாகும். வெயிலில் உழைப்போரைக் காப்பது நகராட்சியின் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளும் நிர்வாகம், தன் சொந்தக் கொட்டகையில் உழைப்போரிடமிருந்து அப்பணியைத் தொடங்குவதே முறை.

அகமதாபாத் கடக ரேகைக்குச் சற்றே தெற்கில், 23 பாகை அட்சத்தில் உள்ளது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது. டிசம்பர் நண்பகலிலோ தென்வானில் 43 பாகை உயரத்துக்கு மேல் அதிகம் எழுவதில்லை. இதன் பொருள் யாதெனில், கோடையில் கட்டடத்தைச் சுடுவது முதலாவதாகக் கூரை; அடுத்தபடியாக மாலை வெயில் படும் மேற்குச் சுவர். தெற்குச் சுவருக்குக் கோடையில் அதிக வெயில் இல்லை. சிறிய தாழ்வாரமே அதனைக் காத்துவிடும். ஆகவே கொட்டகையின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவாறு, கிழக்கு மேற்காக அதனைக் கிடத்த வேண்டும். மேற்கு முனையில் உதிரிபாகக் கிடங்கு, டயர் அறை, கழிப்பிடம் ஆகியவற்றை வைத்தால் அவை வெயிலைத் தாங்கி நிற்கும் கவசமாகப் பயன்படும். ஆட்கள் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் தடங்கள் அதற்குக் கிழக்கே அமையும். கோடைக் காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து வீசுவதால் வண்ணம் பூசும் அறை வடகிழக்கு மூலைக்குச் செல்ல வேண்டும்.

வெளிச்சத்திற்கு அந்நகரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. அங்கு முதல் பஞ்சாலை 1861ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து எழுந்த ஆலைகள் பலவற்றின் கூரைகள் ரம்பப் பல் போன்ற வடிவம் கொண்டவை. ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கம் வடக்கு நோக்கிக் கண்ணாடி பதித்திருக்கும்; சரிவான பக்கம் தெற்கு நோக்கி மூடியிருக்கும். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் வெயில் உள்ளே விழலாகாது என்ற தேவைக்காக ஏற்பட்ட அமைப்பு அது. ஆலைகள் பல 1980களில் மூடப்பட்டுவிட்டன. கூரையின் தத்துவம் காலாவதியாகவில்லை. பிரேக் குழாயின் கசிவைத் தேடும் ஃபிட்டருக்கும் தேவை அதே நிழலற்ற, சீரான வெளிச்சந்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மார்ச் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை சூரியன் கிழக்கிற்குச் சற்று வடக்கே உதித்து, மேற்கிற்குச் சற்று வடக்கே மறைகிறது. ஆதலால் காலையிலும் மாலையிலும் வடக்குக் கண்ணாடியிலும் சாய்ந்த வெயில் படும். செங்குத்துத் தடுப்புப் பலகைகள் சிலவற்றை வெளிப்புறத்தில் பொருத்தினால் அது தீரும். இங்கிலாந்தின் வரைபடத்தை அப்படியே எடுத்தாள்வதில் உள்ள தவறு இத்தகையதே. அந்நாட்டின் அட்சத்தில் கோடை நண்பகல் வெயில்கூடத் தெற்கிலிருந்தே சாய்ந்து விழுகிறது.

கூரைத் தகட்டின் மேற்புறம் வெண்பூச்சுப் பெற வேண்டும். புதிய வெண்பூச்சு தன்மேல் விழும் வெயிலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. துருவேறிய பழைய தகடோ பெரும்பகுதியை உறிஞ்சி உள்ளே இறக்குகிறது. புழுதி படிந்தால் பூச்சின் பயன் குறையும். எனவே ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் கூரையைக் கழுவ வேண்டும் என்பது பராமரிப்புப் பட்டியலில் எழுதப்பட வேண்டும். கூரையில் ஏறுவதற்கு நிலையான ஏணியும் வேண்டும். அலுவலகம், கிடங்கு ஆகியவற்றின் காங்கிரீட் கூரைக்குக் குஜராத்தின் பழைய முறையான உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டுப் பதிப்பே போதும். கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1980ஆம் ஆண்டளவில் அகமதாபாத்தில் தமக்கென அமைத்த 'சங்கத்' அலுவலகத்தின் வளைவுக் கூரைகள் இப்பீங்கான் சில்லுகளால் மூடப்பட்டவை. உயர்ந்த கலை என்று போற்றப்படும் அது, செலவு குறைந்த வெப்பத் தடுப்புமாகும்.

கொட்டகையின் உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். டிப்பரின் தொட்டியை முழுதும் தூக்கி நிறுத்தப் பெரிய உயரம் வேண்டும் என்பதற்காகக் கொட்டகை முழுவதையும் உயர்த்திக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு தடத்தை உயரமாக அமைத்து, ஏனையவற்றைத் தாழ்வாக வைத்தால் எஃகும் மிச்சம். விளக்குகளும் வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் அமையும். சுவருக்கு வெள்ளை, தரைக்கு வெளிர் சாம்பல் நிறம் பூசுவது வெளிச்சத்தைக் கூட்டுவதோடு, ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

காற்று

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டு ஐயத்திற்கிடமின்றி வகைப்படுத்தியது. கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பது தவிர்க்க முடியாத வேலை. புகை முழுவதும் பரவிய பிறகு பெரிய விசிறிகளால் கொட்டகையின் காற்றை எல்லாம் வெளியேற்றுவது மின்சாரத்தை வீணாக்கும் வழி. புகைக்குழாயின் வாயிலேயே ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி, சிறு விசிறியால் அப்புகையை மட்டும் இழுத்துக் கூரைக்கு மேல் விடுவது சிக்கனமானது. தொழிலாளியின் நுரையீரலுக்கும் அதுவே காப்பு. விசிறியின் வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தால் அதன் மின் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது பௌதிக விதி. ஆதலால் வேகத்தை மாற்றத்தக்க மோட்டார்களைப் பொருத்துவதற்கு ஆகும் கூடுதல் விலை விரைவில் திரும்பிவிடும்.

வெப்பக் காற்று இயல்பாகவே மேலெழும். தாழ்ந்த ஜன்னல்களும் முகட்டில் திறப்புகளும் இருந்தால் மின்சாரமின்றியே காற்றோட்டம் நிகழும். இயற்கை எரிவாயுவில் ஓடும் ஊர்திகள் வரும் பணிமனையில் இம்முகட்டுத் திறப்புகள் உயிர்காப்புச் சாதனங்களும் ஆகும். அவ்வாயு காற்றைவிட இலேசானதால் கசிந்தால் கூரையின் உச்சியில், ரம்பப் பல்லின் மூலையில் தேங்கும். சமையல் எரிவாயு எனப்படும் திரவ வாயுவோ காற்றைவிடக் கனமானது. அது பள்ளங்களில் இறங்கித் தங்கும். எனவே முன்னதற்கு மேலும், பின்னதற்குக் கீழும் வழி வேண்டும். சிக்கனத்தின் பெயரால் முகட்டுத் திறப்புகளை அடைத்துவிடும் தவறு எக்காரணத்தாலும் நேரலாகாது.

இனி, காற்றழுத்தக் கருவி. பணிமனையில் மின்சாரத்தை வாரி இறைப்பது கம்ப்ரஸர். அது உட்கொள்ளும் மின்சாரத்தில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கே கருவியின் முனையில் வேலையாக வெளிப்படுகிறது. எஞ்சியது வெப்பமாகவும் கசிவாகவும் போகிறது. உட்செல்லும் காற்றின் வெப்பம் நான்கு பாகை கூடினால் மின் செலவு ஒரு சதவிகிதம் கூடும். ஆகவே கம்ப்ரஸரைக் கொட்டகையின் சூடான மூலையில் வைக்காமல் வடபுறத்தில் நிழலான தனி அறையில் வைக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு பார் அழுத்தத்தைக் கூட்டினால் செலவு 6 முதல் 10 சதவிகிதம் உயரும். பல இடங்களில், தொலைவிலுள்ள ஒரு தடத்தில் அழுத்தம் போதவில்லை என்று மெக்கானிக் குறை கூற, ஃபோர்மேன் கம்ப்ரஸரின் அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறார். குறை அழுத்தத்தில் இல்லை; ஒடுங்கிய குழாயில் இருக்கிறது. கொட்டகையைச் சுற்றி வளையமாகப் பெரிய குழாயை அமைத்துவிட்டால் எல்லாத் தடங்களுக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும்.

ஊர்தி கழுவும் நீரைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் பிரிக்கும் தொட்டி, படிவுத் தொட்டி, வடிகட்டி ஆகியவற்றின் வழியே அதே நீரைத் திரும்பப் பயன்படுத்தலாம். கடைசி அலசலுக்கு மட்டும் புது நீர் போதும். பழைய இன்ஜின் எண்ணெய் அபாயகரக் கழிவாகும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அதனை அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அதற்கெனக் கூரையுள்ள, வரப்புக் கட்டிய ஒரு மேடையை வரைபடத்திலேயே காட்டிவிடுவது நலம்.

மின் ஊர்திகள் வரும்போது

சிறு குப்பை வண்டிகளில் மின்கலத்தால் ஓடுபவை பெருகி வருகின்றன. இவற்றுக்கு எண்ணெய் மாற்றம் இல்லை, புகை இல்லை. ஆனால் பணிமனையின் மின் தேவை தலைகீழாக மாறிவிடும். 60 சிறு வண்டிகள் நாளொன்றுக்குத் தலா 15 யூனிட் ஏற்றிக்கொள்கின்றன எனில் மொத்தம் 900 யூனிட். எல்லா வண்டிகளையும் வந்தவுடன் இணைத்து இரண்டு மணி நேரத்தில் ஏற்ற முனைந்தால் 450 கிலோவாட் திறன் வேண்டும். ஆறு மணி நேரத்துக்குப் பரப்பினால் 150 கிலோவாட் போதும். மின்மாற்றியின் அளவும், மாதந்தோறும் கட்ட வேண்டிய உச்சத் தேவைக் கட்டணமும் இந்த ஒரு முடிவைச் சார்ந்தவை.

இங்கே நகராட்சிக்கு ஓர் இயற்கையான வசதி உண்டு. குப்பை திரட்டும் பணி பெரும்பாலும் விடியற்காலை தொடங்கி நண்பகலளவில் முடிந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், வெயில் நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிட 10 முதல் 20 சதவிகிதம் குறைவாக இருக்க வகை செய்கின்றன. வண்டி ஓய்ந்து நிற்கும் நேரமும், மின்சாரம் மலிவான நேரமும், கூரையில் சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரமும் ஒன்றுகூடுகின்றன. மேற்கூறிய ரம்பப் பல் கூரையின் தெற்குச் சரிவுகள் சூரியத் தகடுகளுக்கென்றே அமைந்தவை போன்றவை. 23 பாகை அட்சத்தில் ஏறத்தாழ அதே அளவு சாய்வே ஆண்டு முழுமைக்கும் பொருத்தமானது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும். குஜராத்தில் அது சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். 1,000 சதுர மீட்டர் சரிவில் 100 கிலோவாட் அமைத்தால் 400 யூனிட். தேவையில் பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எஞ்சியதில் ஒரு பகுதிக்கு நிறுத்துமிடத்தின் நிழற்கூரை உதவும். அந்நிழல் வேறொரு வகையிலும் தேவை. மின்கலம் கடும் வெப்பத்தில் விரைவாக மூப்படைகிறது. மே மாத வெயிலில் அதனை நிறுத்தி வைப்பது புது வண்டியின் விலை மிகுந்த உறுப்பை வாட்டுவதாகும்.

யார் செலவு, யார் சேமிப்பு?

இத்தனையும் பொறியாளர்கள் அறிந்தவையே. பின் ஏன் நடைபெறுவதில்லை என்ற கேள்விக்கு விடை பொறியியலில் இல்லை. வரவு செலவுத் திட்டத்தின் தலைப்புகளில் இருக்கிறது. கட்டடத்தைக் கட்டுவது பொறியியல் பிரிவு. மின்கட்டணம் செலுத்துவது மின்பிரிவு. டீசல் செலவு சுகாதாரப் பிரிவின் கணக்கில் எழுதப்படுகிறது. பொறியியல் பிரிவு ரம்பப் பல் கூரைக்கும் இரண்டாவது வாசலுக்கும் கூடுதலாகச் செலவிட்டால் அதன் மதிப்பீடு உயர்ந்து தணிக்கைக் கேள்வி எழும். மிச்சமாகும் டீசலோ வேறொரு பிரிவின் கணக்கில் சத்தமின்றிக் கரைந்துவிடும். குறைந்த விலைக்கு டெண்டர் கோருபவருக்கே வேலை என்ற வழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

கணக்கை ஒன்றாகப் பார்த்தால் படம் வேறாகத் தெரியும். நல்ல வடிவமைப்புக்குக் கூடுதலாக 60 லட்சம் ரூபாய் ஆகிறது என்றும், அதனை 8 சதவிகித வட்டியில் கடன் பெற்று 20 ஆண்டுகளில் திருப்புவதாகவும் வைத்துக்கொண்டால், ஆண்டுத் தவணை சுமார் 6 லட்சத்து 11 ஆயிரம் ரூபாய். முன்னர்க் கண்ட டீசல் செலவில் ஒரே ஒரு சதவிகிதம் குறைந்தாலும் ஆண்டுக்கு 16 லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். மதிப்பீட்டை அங்கீகரிக்கும் நிதிக் குழுவின் முன் இவ்விரு எண்களும் ஒரே தாளில் வைக்கப்பட வேண்டும் என்று ஆணையர் ஓர் உத்தரவு பிறப்பித்தாலே பாதித் தடை நீங்கிவிடும்.

ஒப்பந்த ஊர்திகள் விஷயத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. டீசலை நகராட்சியே ஊற்றும் ஒப்பந்தத்தில், வண்டியைச் செம்மையாக வைத்துக்கொள்ள ஒப்பந்தக்காரருக்கு எவ்வித ஆர்வமும் இராது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி தரும் ஒப்பந்தத்திலோ அவர் வண்டியைச் செம்மையாக வைத்துக்கொள்வார். ஆனால் சுற்றி ஓடுவார். எடுத்துச் சென்ற குப்பையின் எடைக்கு ஏற்பக் கூலி, டீசல் அவர் பொறுப்பு என்ற ஏற்பாடு இவ்விரண்டையும்விட மேல். எடை மேடையில் கண்காணிப்பு இருந்தால்.

அளவுகோலைப் பற்றியும் கருத்துத் தெளிவு வேண்டும். மாநிலப் போக்குவரத்துக் கழகங்களில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே நாள்தோறும் கவனிக்கப்படும் எண். பேருந்துக்கு அது பொருந்தும். காம்பாக்டர் லாரியோ நின்ற இடத்திலேயே இன்ஜினின் சக்தியால் குப்பையை அழுத்துகிறது. நன்கு வேலை செய்த வண்டி, கிலோமீட்டர் கணக்கில் மோசமான வண்டியாகத் தோன்றும். அதற்கு டன்னுக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கே நியாயமானது. தண்ணீர் லாரிக்குக் கிலோமீட்டர், அடைப்பு நீக்கும் ஊர்திக்கு வேலை செய்த மணி என்று வகைதோறும் அளவை மாறும். சோதனைத் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறை கட்டி, ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வெண்ணை எழுதி வைக்கும் எழுத்தர் ஒருவரை அமர்த்துவது எந்த இயந்திரத்தையும்விட மலிவான சிக்கனச் சாதனமாகும்.

புதிய பணிமனை கட்ட நிதியில்லாத சிறு நகராட்சிகளும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கூரைக்கு வெண்பூச்சு, தகடுகளில் சிலவற்றை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் தகடுகள், முகட்டில் காற்றுத் திறப்பு, வாசலில் சரியான காற்றழுத்தமானி ஆகியவை ஒரே கோடைக்குள் முடிக்கத்தக்கவை. கம்ப்ரஸரின் கசிவைச் சோதிக்கச் செலவே இல்லை. விடுமுறை நாளொன்றில் கருவிகள் அனைத்தையும் மூடிவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட வேண்டும். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அது சுமையேறி ஓடுகிறது எனில், அதன் திறனில் முப்பது சதவிகிதம் குழாய் இணைப்புகளின் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. 15 கிலோவாட் கம்ப்ரஸர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாக 300 நாட்கள் ஓடினால், அக்கசிவின் ஆண்டு விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். சோப்பு நீரை இணைப்புகளின் மேல் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். அவ்விடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டுவிட்டு, மறுநாள் ஃபிட்டரை அழைத்து இறுக்கச் செய்யலாம்.